எழுபது என்னும் மதிப்பெண்

மூளைக்கட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதை மருத்துவம் எண்ணால் அளக்கிறது. கார்னோஃப்ஸ்கியும் பர்ச்சனாலும் 1940களின் இறுதியில் வகுத்த அளவுகோலில் 0 என்றால் இறப்பு, 100 என்றால் முழு நலம். 70 என்றால், தன்னைத் தானே கவனித்துக்கொள்வார். வழக்கமான வேலை செய்ய இயலாது. இதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். ‘தன்னை’ என்பதற்குள் இருப்பது யார்?

குலசேகரன்பட்டினத்தில் என் மதினிக்கு மெனிஞ்சியோமா. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வருகிற, பெரும்பாலும் புற்றாக இல்லாத கட்டி. எடுத்துவிட்டார்கள். குளிப்பார், உடுத்துவார், உண்பார்: எழுபது. ஆனால் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் அடுப்பருகே தனியாக நிற்கக் கூடாது. மதினியின் வழக்கமான வேலையோ பதநீர் காய்ச்சுவது. கொதிக்கும் பாகின் முன் மணிக்கணக்காக நிற்பது. மூன்றாம் மாதமே அங்கே போய் நின்றார். அளவுகோல் அதை முன்னேற்றம் என்று எண்பதாக்கும். நான் ஆபத்து என்பேன்.

பின்னர் வந்த ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் வினாப்படிவங்கள் நோயாளியிடமே கேட்கின்றன. பொதுவாக 30 கேள்விகள், மூளைக்கட்டிக்கென்று 20. இது நல்ல நகர்வுதான். வலிப்பு, பார்வை, பேச்சுத் தடுமாற்றம், எதிர்காலம் பற்றிய கலக்கம் எல்லாம் அவற்றில் உண்டு. முடி உதிர்ந்தது தொந்தரவாக இருந்ததா என்றும் கேட்கிறார்கள். கூந்தல் கொய்த தலையைக் கைம்மையின் அடையாளமாகப் புறநானூற்றுக் காலம் முதல் பார்த்துவரும் சமூகம் நம்முடையது. மழித்த தலை வளரும் முன்பே கல்யாண வீட்டுக்குப் போன மதினியிடம், “முக்காடு போட்டுட்டு வந்திருக்கலாம்லா” என்றார்கள். தொந்தரவு செய்தது முடியா, அந்த வாயா? அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

வலிப்பும் அப்படித்தான். 1976 திருத்தத்தின் வழியே இந்து திருமணச் சட்டத்துக்குள் தகுதிக்குறைவாக நுழைந்த வலிப்புநோய், 1999இல்தான் நீக்கப்பட்டது. சட்டம் விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. மகளுக்கு வரன் பார்க்க ஆள் வந்தபோது, மதினியின் மாத்திரைச் சீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தார்கள். ‘குடும்ப வாழ்க்கைக்கு உங்கள் உடல்நிலை இடையூறாக இருந்ததா?’ என்று படிவம் கேட்கிறது. குடும்பம் அந்த உடலுக்கு இடையூறாக இருந்ததா என்று திருப்பிக் கேட்பதில்லை.

அந்த வருஷத் தசராவுக்கு அண்ணன் முத்தாரம்மனுக்கு நேர்ந்து காளி வேடம் கட்டினார். சடைமுடியோடு ஊர் ஊராகக் காணிக்கை எடுத்தார். கண்டவர்கள் கும்பிட்டார்கள். அவர் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மதினி முக்காட்டோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எப்படி இருக்கு மதினி?”

“ஒங்க அண்ணன் நேர்ச்சை முடிஞ்சிட்டுல்லா, இனி நல்லாத்தான் இருக்கணும்.”

‘இருக்கேன்’ என்று சொல்லவில்லை, ‘இருக்கணும்’ என்றார். தன் நலத்தைக்கூட ஒரு பெண் வீட்டுக்குச் செய்ய வேண்டிய கடமையாகச் சொல்லும் இடம் அது. வாழ்க்கைத் தரத்தை அளக்க வருகிறவர்கள் எண்ணுக்கு முன்னால் அந்த வினைச்சொல்லைக் கேட்க வேண்டும்.