ஒரு பாத்திரமும் இரு குரல்களும்

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் இசை கேட்டலுக்கெனத் தனிப்பகுதி ஒன்றையே ஒதுக்கியுள்ளார்கள். இசைக்கருவிகள் பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் ஒருபுறமிருக்க, அப்பகுதியில் நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. பாடுபவரைக் காட்டிலும் கேட்பவரைப் பற்றியே இமாம் அவர்கள் மிகுதியாகப் பேசுகிறார்கள். உள்ளத்தில் முன்பே இருப்பதைத்தான் பாட்டு அசைக்கிறது என்பதும், காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் கேட்டலுக்குப் பொருந்திவர வேண்டும் என்பதும் அங்கே வற்புறுத்தப்படுகின்றன. ஒலிப்பதிவு தோன்றிய பின்னர் இம்மூன்றும் கேட்பவரின் கைக்கு வந்துவிட்டன. எங்கும், எப்போதும், யாருமின்றியும் கேட்கலாம். அங்ஙனமாயின், ஒரு பாடலின் மீது மக்கள் கொள்ளும் பற்று எதைச் சார்ந்து நிற்கிறது? பாடலையா, குரலையா, அது பதிவான முறையையா?

இவ்வினாவுக்கு எங்கள் திருவண்ணாமலையிலேயே தக்கதோர் சான்று உண்டு. இளையராஜா தாமே எழுதி, இசையமைத்து வெளியிட்ட 'ரமண மாலை' இசைத்தொகுப்பும், அதிலுள்ள 'பிச்சைப் பாத்திரம்' என்னும் பாடலுமே அச்சான்று. இத்தொகுப்பில் அப்பாடலைப் பாடியவரும் அவரே. பின்னர் 2009ஆம் ஆண்டு வெளிவந்த பாலாவின் 'நான் கடவுள்' திரைப்படத்தில் அதே பாடல் மது பாலகிருஷ்ணனின் குரலில் மீண்டும் பதிவாகி ஒலித்தது. சொல்லும் மெட்டும் அவையே. குரல் வேறு, சூழல் வேறு. எது சிறந்தது என்பதில் இசை அன்பர்கள் இன்றும் இரு அணியாக நிற்கின்றனர்.

பிச்சை என்பது இவ்வூருக்குப் புதிதன்று. 1896ஆம் ஆண்டு பதினாறு வயதுச் சிறுவராக இங்கு வந்த ரமணர், தொடக்க நாட்களில் இவ்வூர்த் தெருக்களில் கையேந்தி உண்டவர். பிற்காலத்தில் அவர் இயற்றிய 'அருணாசல அக்ஷரமணமாலை' தோன்றியதும் பிச்சையை ஒட்டியே. உணவு இரக்க ஊருக்குள் செல்லும் அன்பர்கள் பாடிச் செல்வதற்கெனப் பிறந்தது அது. வாசலில் நிற்போர் இன்னார் என்பதை வீட்டார் அப்பாட்டைக் கொண்டே அறிந்தனர். இளையராஜாவின் பாடல் இந்தத் தெருவின் நீட்சி. ஆனால் அவர் ஏந்திவரும் பாத்திரம் மண்ணாலோ உலோகத்தாலோ ஆனதன்று, உடம்பே பாத்திரம்.

அரபு, பாரசீக இலக்கியம் பயின்றோர்க்கு இவ்வுருவகம் அந்நியமாய்த் தோன்றாது. இறையன்பரைச் சுட்டும் 'ஃபகீர்' என்னும் சொல்லின் நேர்ப்பொருளே வறியவர் என்பதுதான். தர்வேசுகளின் பிச்சைப் பாத்திரமாகிய 'கஷ்கூல்', பஹாவுத்தீன் ஆமிலி தொகுத்த பல்சுவை நூலொன்றின் பெயராகவும் ஆயிற்று. பல வீட்டுச் சோறும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும் பாத்திரமல்லவா! இன்னுமொன்று: இப்பாடல் அமைந்த மாயாமாளவகௌளை, அரபு இசையில் 'ஹிஜாஸ்கார்' எனப்படும் மகாமின் சுர வரிசையோடு ஒத்துச் செல்வது. கருநாடக இசை கற்கப் புகும் பிள்ளைகள் முதன்முதல் பயிலும் இராகமும் அதுவே. இரத்தலைப் பாட அந்த ஆரம்பப் பாடத்து இராகமே அமைந்தது பொருத்தம்தான்.

இனிக் குரலுக்கு வருவோம். இளையராஜாவின் குரல் மெருகேற்றப்பட்ட குரலன்று. அதில் கிராமத்துக் கரகரப்பு உண்டு. மது பாலகிருஷ்ணனுடையதோ ஆழமும் நிறைவும் கூடிய, பயின்ற குரல். பதிவுக்கலை ஒன்றை மட்டுமே அளவுகோலாய்க் கொண்டால் திரைப்படப் பதிவே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்நிறைவே அதன் குறையாகவும் ஆகிறது. வெற்றுப் பாத்திரத்தைப் பாடவேண்டிய குரல் ததும்பி நிற்கிறது. முதற்பதிவில் உச்சத்திற்கு ஏறுகையில் குரல் படும் பாட்டை நாம் கேட்கிறோம். இல்லாமையை அது சொல்லவில்லை. அதுவே இல்லாமையாய் நிற்கிறது.

இது வசதிக் குறைவால் நேர்ந்ததென்று கருதுவது தவறு. ஒவ்வொரு கருவிக்குமான இசைக்குறிப்பைத் தம் கைப்பட எழுதித் தருபவர் இளையராஜா. 2005இல் வெளியான 'திருவாசகம்' ஆக்கத்திற்கு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவையே பயன்படுத்தியவர். நாட்டின் தேர்ந்த பாடகர் எவரையும் அழைத்துப் பாடவைக்க அவரால் இயலும். அங்ஙனமிருந்தும் இதைத் தாமே பாடினார் என்றால், அது அறிந்து செய்த தேர்வென்றே கொள்ளவேண்டும்.

திரைப்படப் பதிவை இதனால் தள்ளிவிட முடியாது. வெள்ளரிக்காய் விற்பவன் 'கியார்' என்று கூவி மலிவு விலை சொல்லக் கேட்ட ஷிப்லி (ரஹ்), அச்சொல்லுக்கு நல்லோர் என்னும் பொருளும் இருத்தலால், நல்லோரின் விலையே இதுவெனில் தீயோரின் கதி என்னவென்று கதறினார் என்பர். கேட்கும் இடமே பொருளைப் பிறப்பிக்கும். பாடல் தன் ஐயனைப் பெயர் சுட்டாது விளிப்பதால், ரமணரை விட்டு வேறு சந்நிதிக்கும் அதனால் செல்ல முடிந்தது. உடல் ஊனமுற்றோரை வைத்துப் பிச்சை வணிகம் நடத்தும் கொடுமையைக் காட்டும் அப்படத்தில், உடம்பே பாத்திரம் என்னும் உருவகம் உருவகமாக நிற்கவில்லை, நடப்பாகிவிடுகிறது. எழுதியவர் எண்ணியிராத இப்பொருளை, இமாம் அவர்கள் கூறிய இடமும் உடனிருப்போருமே பாடலுக்குள் கொண்டுவந்து சேர்த்தனர்.

அன்பர்களிடம் எனக்குள்ள மனக்குறை ஒன்றுண்டு. இளையராஜாவைக் கொண்டாடுவோர் இடையிசையின் நுட்பத்தையும் பேஸ் கித்தாரின் போக்கையும் மணிக்கணக்கில் விரித்துரைப்பர். அவர் எழுதிய சொல்லைப் பற்றி ஒரு நாழிகையும் பேசார். அவருடைய பாடல் வரிகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. எதுகைக்காகச் சொல் வளையும் இடங்களும் உள. ஆனால் இப்பாடலில் சொல் முந்த, இசை அதன்பின் கைகட்டி வருகிறது. கைப்பேசியில் இரு பதிவுகளும் அடுத்தடுத்து வந்து விழும் இந்நாளில், இது திரைப்படத்திற்கெனப் பிறந்த பாடல் என்றே இளைஞர் பலர் நம்பிக்கொண்டிருக்கின்றனர். கிரிவலம் வருவோரிலும் அத்தகையோரை நான் கண்டதுண்டு. அவர்கள் முதற்பதிவை ஒருமுறை, இடையிசைக்குக் காத்திராமல், சொல்லுக்காகவே கேட்கட்டும்.