அடிமரத்தின் நிறம் சாம்பல்

மாதிரி ரயில் அமைப்பவர் எஞ்சினின் ஒவ்வொரு திருகையும் படம் பார்த்துச் சரிபார்ப்பார். பக்கத்தில் நிற்கும் மரத்துக்குக் கடையில் வாங்கிய பச்சை உருண்டை போதும் என்றிருப்பார். டயோரமா எனும் சிற்றுருக் காட்சிக் கலையின் பழைய நோய் இது.

கோளாறு உயரத்திலேயே தொடங்குகிறது. 1:87 அளவில் 20 மீட்டர் மரம் 23 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். போர்க்களக் காட்சிகளுக்குரிய 1:35 அளவில் 57 சென்டிமீட்டர். ஆயத்த மரங்களில் பலவும் அதில் பாதிகூட இருப்பதில்லை.

மரமே கதாநாயகனான டயோரமாக்களும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பீட்டர்ஷாமில் உள்ள ஹார்வர்ட் வனத்தின் ஃபிஷர் அருங்காட்சியகத்தில் 23 டயோரமாக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் 1930களில் செய்தவை. அவற்றில் ஒரு வரிசை, ஒரே நிலம் 1700இல் ஆதிக் காடாக இருந்து, 1830இல் வயலாகி, கைவிடப்பட்டபின் பைன் காடாக மாறுவதைக் காட்டுகிறது. மரங்களுக்கு உடல் செப்புக் கம்பி.

கம்பி வழி இன்றும் மாறவில்லை. கற்றையாக முறுக்கி, மேலே போகப்போகப் பிரித்துக்கொண்டே போனால் தண்டு தடித்தும் கிளை மெலிந்தும் தானாக அமையும். மேலே பசையும் தூளும் பூசிப் பட்டையாக்குவார்கள்.

கைத்திறன் வெளிப்படுவது சாயத்தில்தான். பழுப்பு டப்பாவைத் திறப்பவர் அங்கேயே தோற்றுவிடுகிறார், ஏனென்றால் பெரும்பாலான அடிமரங்கள் சாம்பல் நிறம். கருஞ்சாம்பலை அடியில் பூசி, தூரிகையை ஏறக்குறைய துடைத்துவிட்டு வெளிர்சாம்பலை மேடுகளில் மட்டும் உரசினால் பட்டையின் வெடிப்பு எழும். ஈரம் தங்கும் பக்கத்தில் பாசிப் பச்சையைச் சற்றே தீற்றலாம். இலைக்கான நுரைத்தூள் ஒரே நிறமாக வருவதால், கவிகையின் கீழே இருண்ட பச்சையும் உச்சியில் மஞ்சள் கலந்த பச்சையும் தெளிக்க வேண்டும். பளபளப்பு எங்கும் கூடாது.

தூரமும் ஒரு சாயம்தான். 1:87 மரத்தை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, நிஜ மரத்தை 87 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் எந்தப் பச்சையும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும். நிஜ இலையைப் பறித்து வைத்து நிறம் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஒப்பிட நிஜ மரமே மிஞ்சாத நிலையும் உண்டு. இங்கிலாந்தின் லாங் விட்டன்ஹாமில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்தை நிறுவிய ராய் இங்கிலண்ட் ஓர் ஆஸ்திரேலியர். கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்த கிராமப்புறத்தை 1:76 அளவில் பதிவுசெய்ய முனைந்தவர். அங்கே உருவாகும் காட்சி 1930களுடையது. அக்காலத்து இங்கிலாந்தில் வேலிதோறும் நின்ற எல்ம் மரங்களை 1970களில் பரவிய நோய் ஏறக்குறைய துடைத்துவிட்டது. அவற்றைச் செய்ய விரும்புகிறவருக்குக் கருப்புவெள்ளைப் படங்களும் ஓவியங்களுமே பெரும் துணை.

ஆயத்த மரங்களை வாங்குவது குற்றமில்லை. அவற்றைப் பின்வரிசைக்கு அனுப்புங்கள்; முன்வரிசைக்கு உங்கள் கையால் முறுக்கிய மரம் இரண்டு இருந்தால் போதும்.