சொன்னவர் நாவும் எழுதியவர் கையும்

போர்க்களம் கண்டு திரும்பியவர் முதுமையுற்று மறையுமுன் அவர் நாவிலிருந்தே வரலாற்றைப் பெற்றுவிட வேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் மதீனாவில் பிறந்த வரலாற்றாசிரியர் வாகிதீ (மறைவு ஹிஜ்ரி 207), நபித்தோழர்களின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று, அவர்தம் முன்னோர் எந்தப் போரில் நின்றார், எங்கே ஷஹீதானார் என்று வினவி, சொல்லப்பட்ட இடத்தை நேரில் பார்த்தும் வந்தார் எனக் குறிப்புகள் கூறுகின்றன. அத்துணை உழைத்தும் ஹதீஸ் கலை வல்லார் அவரை ஏற்கத் தயங்கினர். பலர் தனித்தனியே சொன்னவற்றை ஒன்றாய்க் கலந்து ஒரே கதையாகத் தந்துவிட்டார் என்பது அவர்மீது சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று. இந்தப் பழைய வழக்கை மனத்திற் கொண்டே ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சின் முதல் நூலை நாம் படித்தோம்.

பெலாரஸ் நாட்டு எழுத்தாளரான இவ்வம்மையார் 1948இல் பிறந்தவர். போருக்குப் பெண் முகம் இல்லை என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூலை 1983இல் முடித்தார். தணிக்கையும் தயக்கமும் வழிமறிக்க, அது 1985இல்தான் வெளிவந்தது. பின்னர் இருபது லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. 1941 முதல் 1945 வரை நாஜிப் படையை எதிர்த்துச் சோவியத் சேனையில் நின்ற பெண்கள் எட்டு லட்சம் முதல் பத்து லட்சம் வரை இருப்பர் என்பது கணக்கு. அவர்களுள் பல நூறு பேரைத் தேடிச் சென்று, ஒலிப்பதிவுக் கருவியை முன்வைத்து, அவர் கேட்டார்.

கேட்டுப் பெற்றவை என்ன? படைத்தலைவர்களின் நூல்களில் இடம்பெறாத செய்திகள். பெண்களுக்கென்று உள்ளாடைகூட இல்லாமல் ஆடவர்க்குரியதையே அணிந்தது. காலுக்குப் பொருந்தாத பெரிய பூட்ஸ்களை இழுத்துக்கொண்டு நடந்தது. கத்தரித்து வீசப்பட்ட கூந்தல். தன் உடலினும் கனத்த காயம்பட்டோரைக் குண்டுமழைக்கிடையே இழுத்து வந்தது. குறிபார்த்துச் சுட்டவளும், விமானம் ஓட்டியவளும், சேனையின் துணிகளைத் துவைத்துத் துவைத்துக் கை புண்ணானவளும் ஒரே நூலில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றனர். ஊர் திரும்பியபின் நேர்ந்தது இதனினும் கொடிது. களத்தில் எங்கள் கணவன்மாரோடு இருந்தவர்களன்றோ நீங்கள் என்று பெண்களே பழித்தனர். பலர் பதக்கங்களைப் பெட்டிக்குள் மறைத்து, நாற்பதாண்டு வாய் திறவாதிருந்தனர். அந்த வாய்களைத் திறக்கச் செய்த பெருமை அலெக்ஸியேவிச்சுக்கு உரியது. அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

நூலின் உயிரான பகுதி என நாம் கருதுவது இரண்டு சிறு நிகழ்ச்சிகள். தானும் போரில் நின்ற கணவர் ஒருவர், நூலாசிரியர் வருவதற்கு முன்னிரவு போர் வரலாற்று நூலைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணீரும் பெண்களின் அற்பச் செய்திகளும் இல்லாமல் எப்படிச் சொல்லவேண்டும் என்று மனைவிக்குப் பாடம் நடத்துகிறார். மற்றோர் அம்மை, தாம் சொன்னதைத் தட்டச்சில் கண்டதும் பெரும்பகுதியை அடித்துவிட்டு, தம் தேசபக்திப் பணியைப் புகழும் பத்திரிகைத் துணுக்குகளை இணைத்துத் திருப்பி அனுப்புகிறார். எது அவருடைய சாட்சியம்? அழுதுகொண்டே சொன்னதா, தெளிந்தபின் திருத்தியதா? அலெக்ஸியேவிச்சின் மனம் முன்னதையே நாடுகிறது. இலக்கியச் சுவைக்கு அதுவே சிறந்தது, ஐயமில்லை. ஆயினும் ஓர் அவையிற் பேசியது அமானிதம் என்று பயின்ற நமக்கு, தன் சொல்லின்மீது அம்மூதாட்டிக்குள்ள உரிமை எளிதிற் கடந்து போகக்கூடியதாய்த் தோன்றவில்லை. ஒரு நீதியும் உண்டு: இரண்டையும் மறைக்காமல் நமக்குச் சொன்னவரும் அலெக்ஸியேவிச்தான். பெரும்பாலான தொகுப்பாளர்கள் இதைக்கூடச் செய்வதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தணிக்கையில் வெட்டப்பட்டவற்றைப் பிற்பதிப்பில் சேர்த்ததை யாரும் குறைசொல்லார். ஆனால் அவருடைய நூல்களில் சாட்சிகளின் வாசகங்களே பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். ஆப்கானிஸ்தான் போரைப் பற்றிய அவருடைய மற்றொரு நூலுக்காக 1993இல் மின்ஸ்க் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. தாங்கள் சொன்னது இதுவன்று என்று சில வீரர்களும் மாண்ட வீரர்களின் தாய்மாரும் முறையிட்டனர். அவ்வழக்கின் பின்னணியில் அரசியற் கைகள் இருந்தன என்பாரும் உண்டு, இருக்கலாம். தாம் வரலாற்று ஆவணம் தருபவரல்லர், மனித உணர்வைப் பதிபவர் என்பது அவர் கொண்ட நிலை. அங்ஙனமாயின், பல கூற்றுகளோடு சொன்னவரின் பெயரையும் படைப்பதவியையும் பொறித்தது எதற்கு? பெயரைப் பொறித்த அக்கணமே அது ரிவாயத்து ஆகிவிடுகிறது. ரிவாயத்தில் ஒரு சொல்லை மெருகேற்றுவோரை நம் உஸ்தாதுமார் அழகியல் அறிந்தவர் என்று பாராட்டியதில்லை.

வேறு வழி உண்டு. சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டு, 1981 முதல் ஜப்பானிய ஆட்சிக் காலத்தை (1942–1945) நேரில் கண்டவர்களின் குரல்கள் பதிவாயின. அந்த ஆவணக் காப்பகத்தில் தமிழில் பேசியோரின் பதிவுகளும் உண்டு. அங்கே வினா தனியாகவும் விடை தனியாகவும் கேட்கும். தடுமாற்றமும் மௌனமும் அப்படியே நிற்கும். அப்பதிவைக் கேட்பது அலெக்ஸியேவிச்சின் நூலைப் படிப்பதுபோல் நெஞ்சை உருக்காது; பல மணி நேரம் சலிப்பாகவே இருக்கும். ஆனால் ஐயம் எழுந்தால் திரும்பிச் சென்று கேட்க ஒரு குரல் இருக்கிறது.

1943இல் பதினெட்டு வயதுப் பெண்ணாய்ப் படையிற் சேர்ந்தவர் இன்று இருப்பாராயின் நூறு வயதை எட்டியிருப்பார். புதிதாய்க் கேட்பதற்கு இனி எவரும் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அந்நூலின் புதிய பதிப்பைவிட, அடித்துத் திருப்பி அனுப்பிய அம்மையின் முதற் பேச்சு பதிவான ஒலிநாடாவும், அவர் தம் கையால் கோடிட்ட அத்தாள்களும் நமக்கு வேண்டியவை.