நாயும் நடையும் நகையும்

நடுவயதினர் ஒருவர் நெடும்பயணம் புறப்பட்டு, தமது மூச்சிரைப்பையும் முழங்கால் நோவையும் உடன்வரும் நாயின் பிடிவாதத்தையும் சொல்லி நகைப்பூட்டுவது மேனாட்டுப் பயண இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்ட ஒரு மரபாகும். ஜோன் ஸ்ரைன்பெக் 1960இல், தமது 58ஆம் வயதில், சார்லி என்னும் நாயுடன் ஊர்தியில் அமெரிக்காவைச் சுற்றிவந்து எழுதிய நூல் 1962இல் வெளிவந்தது. பில் பிரைசனின் 1998ஆம் ஆண்டு நூலோ, அப்பலாச்சிய மலைப்பாதையை முழுமையாக நடந்து முடிக்க இயலாமையையே நகைச்சுவையாக்கிற்று.

இந்நகைச்சுவையின் சமூக அடித்தளம் யாது? இங்கு நடப்பவர் விரும்பிய இடத்தில் நிற்கலாம், வீடு திரும்பலாம். தோல்வி அவரது பிழைப்பைப் பாதிப்பதில்லை. ஆகவே அது நகைப்புக்குரியதாகிறது.

கண்டியை அடுத்த ஹந்தானையிலிருந்து தேயிலைத் தோட்டங்களூடாக நுவரெலியா வரை, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும் 'பீக்கோ' நடைபாதை இன்று உல்லாசப் பயணிகளை ஈர்க்கின்றது. இத்தகைய நூலொன்று நாளை இப்பாதையிலும் பிறக்கக்கூடும். அதில் நாய்க்குப் பெயர் இருக்கும், குணம் இருக்கும், கோபதாபங்களும் இருக்கும். வழியோரத்தில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இவற்றுள் எது இருக்கும்? அவள் இயற்கைக் காட்சியின் ஒரு கூறாகிவிடுவாளாயின், அந்நகைச்சுவை வர்க்கக் குருட்டுத்தன்மையின் மறுபெயரேயாகும்.

ஸ்ரைன்பெக்கின் சிறப்பை இங்கேயே நாம் காண்கிறோம். நியூ ஓர்லியன்சில், கறுப்பினச் சிறுமி பாடசாலை செல்வதை எதிர்த்து வெள்ளையினப் பெண்கள் கூச்சலிட்டதைக் கண்டபோது அவரது நகைச்சுவை நின்றுவிடுகிறது. எங்கு சிரிப்பை நிறுத்தவேண்டும் என்பதை அறிந்திருத்தலும் நகைச்சுவைக் கலையின் பாற்பட்டதே.

கண்டிக்குப் புகையிரதம் வந்த 1867ஆம் ஆண்டுக்கு முன்னர், கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து காடுகளூடாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பலர் வழியிலேயே மாண்டனர். 2023 யூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் நிறைவுற்ற நடைபயணம் அந்நினைவை மீட்டெடுத்தது.

எனினும், அம்மக்கள் கண்ணீர் மட்டுமே சிந்தினர் எனக் கொள்வதும் தவறாகும். கங்காணியையும் துரையையும் எள்ளி நகையாடும் மலையக நாட்டார் பாடல்கள் பல உள. மேற்கூறிய நூல்களில் தம் உடலின் தளர்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறார் ஓய்வுள்ளவர். இப்பாடல்களிலோ அவ்வுடலைத் தளரச்செய்யும் அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கிறார் உழைப்பவர். ஹந்தானைப் பாதையில் நடந்து எழுதப்போகும் நகைச்சுவையாளர் இவ்விரண்டாவது சிரிப்புக்குச் செவிசாய்ப்பாராயின், அவரது நூல் பொழுதுபோக்கு என்ற எல்லையைக் கடந்து இலக்கியமாகும்.