சாட்சியும் கதையும்: சோவியத் சிறைமுகாம்களிலிருந்து மீண்ட பிறநாட்டார் நினைவுநூல்கள் பற்றி ஒரு நோக்கு

தமிழிலே சிறை இலக்கியம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் தேசிய விடுதலைப் போராட்டத்தோடு தொடர்புடைய நூல்களே. கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்த வ. உ. சிதம்பரம்பிள்ளை தம் சுயசரிதையைச் செய்யுளில் யாத்தார். 1921ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்ச் சிறைக்குச் சென்ற இராஜாஜி அங்கே நாட்குறிப்பு எழுதினார். இவற்றைப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படும். எழுதியவருக்குத் தாம் எதற்காகச் சிறைப்பட்டோம் என்பதில் ஐயமில்லை. அடைத்தவன் அந்நியன், வெளியே காத்திருப்பவர் தம் மக்கள். உடல் எத்துணை வருந்தினும் அத்துன்பத்துக்கு ஒரு பொருள் உண்டு.

அந்தப் பொருளும் பறிபோன நிலையில் எழுதப்பட்டவை சோவியத் சிறைமுகாம்களிற் சிக்கிய பிறநாட்டாரின் நினைவுநூல்கள். இவர்களுள் ஒரு சாரார் சோஷலிசத்தில் நம்பிக்கை வைத்து, கொமியூனிஸ்ட் அகிலத்தின் அழைப்பை ஏற்று, மொஸ்கோவைத் தம் தாயகமாக எண்ணிச் சென்றவர்கள். இன்னொரு சாரார் யுத்தத்தால் அள்ளிச் செல்லப்பட்டவர்கள். 1939இல் கிழக்குப் போலந்து சோவியத் படைகளின் வசமான பின் நாடுகடத்தப்பட்ட போலந்து மக்களும், 1945க்குப் பின் சைபீரியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஜப்பானியப் போர்க்கைதிகளும் இவ்வகையினர். முதலாம் வகையினருக்கு அடைத்தவன் அந்நியன் அல்லன், தோழன். இவ்வொரு வேறுபாடே அவர்தம் நூல்களை நாம் பழகிய சிறை இலக்கியத்திலிருந்து முற்றாகப் பிரித்து விடுகின்றது.

பிறநாட்டார் நூல்களைத் தனியே எடுத்து நோக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முகாம்களைப் பற்றிச் சோவியத் நாட்டினுள்ளேயே அச்சில் வெளிவந்த பெரும் படைப்பு என்று சொல்லக்கூடிய சொல்செனிற்சினின் குறுநாவல் 1962இலேதான் வெளிவந்தது. அதற்கு ஒரு தசாப்தத்துக்கு மேல் முந்தியவை இந்நூல்களுட் சில. வெளியேறக்கூடிய ஒரு நாடு இருந்தமையாலேயே இவர்களால் எழுத முடிந்தது. அன்றியும், அந்நியன் எதையும் விளக்க வேண்டியவன். உள்ளூர்க் கைதிக்கு இயல்பாகத் தோன்றும் சொல்லும் வழக்கமும் அவனுக்குப் புதியவை. அவற்றைத் தானும் கற்று, தன் வாசகனுக்கும் கற்பிக்கின்றான். இந்தப் பண்பின் எல்லையைத் தொட்டவர் ஜாக் ரொஸ்ஸி என்னும் பிரெஞ்சுக்காரர். அகிலத்தின் இரகசியப் பணியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டு 1937இற் கைதான அவர், நெடுங்காலம் முகாம்களிற் கழித்துப் பின்னர் எழுதியது கதையன்று. முகாம் வாழ்வின் சொற்களுக்கு ஓர் அகராதி. அகராதியைக்கூடச் சாட்சியமாக எழுதலாம் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது.

இவ்வகை நூல்களுள் இலக்கியத் தகுதியால் முதலிடம் பெறுவது போலந்து எழுத்தாளர் குஸ்தாவ் ஹேர்லிங்கின் ‘வேறோர் உலகம்’ என்பது என் கணிப்பு. 1919இற் பிறந்த ஹேர்லிங், ஜேர்மனியருக்கெதிராகப் போரிட நாட்டைவிட்டு வெளியேற முயன்றபோது 1940இற் கைது செய்யப்பட்டார். ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, ஆர்க்காங்கெல்ஸ்க் பிரதேசத்து யெர்ட்செவோ முகாமுக்கு அனுப்பப்பட்டார். நூல் 1951இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் பேர்ட்ரண்ட் ரஸல். தலைப்பு தொஸ்தயேவ்ஸ்கியின் சிறை நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்நூலை ஹேர்லிங் முகாமிலேயே இரவல் பெற்றுப் படித்தார். நூறாண்டுக்கு முன்னைய சிறையும் தாம் இருக்கும் சிறையும் ஒன்றாய்த் தோன்றியமையே அவரை அச்சுறுத்தியது.

இந்நூலின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. காலவரிசையில் ஒருவனின் துன்பத்தைச் சொல்லிச் செல்வதன்று அது. வேலை, இரவு, பசி, சந்திப்பு இல்லம், ஆசுபத்திரி என்றிவ்வாறு முகாமின் ஒவ்வொரு கூறும் ஒரு கட்டுரை போல அமைகின்றது. கைதிகளுக்கு உணவு மூன்று கொப்பரைகளிலிருந்து வழங்கப்படும். விதித்த வேலையளவை விஞ்சியவனுக்கு ஒன்று, எட்டியவனுக்கு ஒன்று, எட்டாதவனுக்கு ஒன்று. குறைய வேலை செய்தவனுக்குக் குறைய உணவு. குறைய உண்டவன் மறுநாள் இன்னும் குறைய வேலை செய்வான். இந்த எளிய கணக்கே மனிதனைக் கொன்றது. கொடியவன் ஒருவன் வேண்டியதில்லை. பொருளாதார அடித்தளமே மனித உறவுகளை நிர்ணயிக்கின்றது என்று நமது விரிவுரை மண்டபங்களிற் கேட்டுப் பழகியவர்கள் இந்த அத்தியாயங்களைப் படித்தல் வேண்டும். அக்கோட்பாட்டுக்கு இத்துணைக் கொடிய விளக்கத்தை எந்தப் பாடநூலும் தந்ததில்லை.

கொஸ்திலெவ் என்னும் இளைஞரின் கதை இதனுள் வருவது. கட்சியில் உண்மையான பற்றுக் கொண்டிருந்தவர். பிரெஞ்சு நாவல்களைப் படித்தமையால் ஐயத்துக்கு உள்ளானவர். தம்மை அழித்தவர்களுக்காக உழைப்பதில்லை எனத் தீர்மானித்து, தம் கையைத் தாமே தீயிற் சுட்டுக்கொள்கின்றார். ஆறத் தொடங்கும் போதெல்லாம் மீண்டும் சுடுகின்றார். தாய் காண வருவதாக இருந்த வேளையிற் கொலீமாவுக்குச் செல்லும் பட்டியலில் அவர் பெயர் வருகின்றது. அவருக்குப் பதிலாகத் தாம் போவதாக ஹேர்லிங் கேட்கின்றார், ஏற்கப்படவில்லை. கொதிநீரைத் தம்மேல் ஊற்றிக்கொண்டு அவர் இறக்கின்றார். ஹேர்லிங் இதனை வீரமாகவும் பாடவில்லை, பைத்தியம் என்று ஒதுக்கவும் இல்லை. நடந்ததை வரிசைப்படச் சொல்லி நிறுத்திக்கொள்கின்றார்.

எனினும் நூலின் உச்சம் இதுவன்று, முடிவுரையே. 1945ஆம் ஆண்டு, ரோம் நகரம். முன்னர் ஒரே சிறைக்கூடத்தில் இருந்த ஒருவர் ஹேர்லிங்கைத் தேடி வருகின்றார். முகாமிலே தாம் செய்த ஒரு காரியத்தைச் சொல்கின்றார். அச்சுறுத்தலுக்குப் பணிந்து, நான்கு ஜேர்மானியருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லியிருக்கின்றார், அவர்கள் சுடப்பட்டனர். இதனை விளங்கிக்கொள்ளக்கூடியவர் உலகில் ஹேர்லிங் ஒருவரே. விளங்குகிறது என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னாற் போதும் என்று வேண்டுகின்றார். ஹேர்லிங்கால் அதனைச் சொல்ல முடியவில்லை. முகாமிலிருந்து வெளியேறிய மறுநாள் கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடும். விடுதலை பெற்ற மனிதரிடையே மூன்றாண்டு வாழ்ந்த பின் அச்சொல் வாயில் வரவில்லை. வந்தவர் எழுந்து போய்விடுகின்றார். தப்பிப் பிழைத்தவனைத் தூயவனாகக் காட்டிப் பழகிய சிறை இலக்கியத்தில், எழுதியவரே தம் தீர்ப்பின் நியாயத்தை வாசகர்முன் திறந்து வைத்துச் செல்வது அரிது.

ஏனைய நூல்களை விரைந்து சுட்டுதல் போதுமானது. ஜேர்மன் கொமியூனிஸ்டான மார்கரெத் பூபர் நொய்மான், 1937இல் மொஸ்கோவிற் கணவரை இழந்து, 1938இல் தாமும் கைதாகிக் கரகண்டா முகாமுக்குச் சென்றார். 1940 பெப்ரவரியிற் பிரெஸ்ட் லித்தோவ்ஸ்க் பாலத்தில் அவரைச் சோவியத் அதிகாரிகள் ஹிட்லரின் பொலிஸிடம் ஒப்படைத்தனர். பின்னர் ஐந்தாண்டுகள் ராவென்ஸ்புருக்கில். இரு முகாம்களையும் உள்ளிருந்து கண்டவர் என்ற முறையில் அவர் சாட்சியம் தனித்தன்மை வாய்ந்தது. நடையில் ஹேர்லிங்குக்கு நிகரானதன்று. எலினோர் லிப்பரின் நூலில் 1944இல் அமெரிக்க உபஜனாதிபதி ஹென்றி வொலஸ் கொலீமாவுக்கு வந்த கதை மறக்கற்பாலதன்று. விருந்தினர் வரும் நாள்களுக்காகக் காவற்கோபுரங்கள் அகற்றப்பட்டன. கைதிகள் கண்ணிற்படாதவாறு உள்ளே வைக்கப்பட்டனர். விருந்தினரும் மனநிறைவோடு திரும்பினார். யூகோஸ்லாவியாவின் கார்லோ ஷ்டைனர் இருபதாண்டுகளைக் கழித்துத் திரும்பி எழுதிய நூல் 1971இற் சாக்ரெப் நகரில் வெளிவந்தது. சோஷலிச நாடொன்றிலேயே வெளிவந்தது என்பதாலே அதனை மேலைநாட்டுப் பிரசாரம் என ஒதுக்குவது எளிதன்று.

இனி, இவ்விலக்கிய வகையின் மிகப் பிரபலமான நூலைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. அது இந்தியாவில் முடிகின்றது. ஸ்லாவோமிர் ராவிச் என்னும் போலந்துக்காரரின் ‘நெடுநடை’ 1956இல் வெளிவந்தது; எழுத்துருவம் கொடுத்தவர் ரொனால்ட் டௌனிங் என்னும் பத்திரிகையாளர். யாகூத்ஸ்க் அருகிலிருந்த முகாமொன்றிலிருந்து 1941இல் எழுவர் தப்பி, கோபிப் பாலைவனத்தைக் கடந்து, இமயத்தைத் தாண்டி இந்தியாவை அடைந்ததாகக் கதை. வழியிலே மனிதரை ஒத்த பெரும் பிராணிகளையும் காண்கின்றனர். 2006இல் பி.பி.சி. நிறுவனம் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், ராவிச் 1942இற் பொதுமன்னிப்பின்கீழ் விடுவிக்கப்பட்டார் என்பதைக் காட்டின. நடந்து வந்தவர் அவர் அல்லர். ஆயினும் 2010இல் அக்கதை திரைப்படமாகவும் வந்தது. மருதானையில் விஜேவர்த்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் வெளியீடுகளுக்கு அருகே இந்நூலின் கிழிந்த பிரதியொன்றைக் கண்டிருக்கின்றேன். அவ்விரண்டும் ஒரே அடுக்கில் இருந்தமை தற்செயலே எனினும் பொருத்தமாகவே பட்டது.

ஏனெனில், மெய்யாகவே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர் பலர் இருந்தனர். 1941 யூலையிற் போலந்து அரசுக்கும் சோவியத் அரசுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் பின் விடுவிக்கப்பட்ட குடும்பங்கள் மத்திய ஆசியாவுக்கும், 1942இல் ஈரானுக்கும் சென்றன. அஷ்காபாத்திலிருந்து பாரவண்டிகளில் மஷாத் வழியாகக் குவெற்றாவுக்கும் அங்கிருந்து பம்பாய்க்கும் அநாதைக் குழந்தைகள் கொண்டுவரப்பட்டனர். நவநகர் மன்னர் ஜாம் சாகேப் திக்விஜயசிங்ஜி பாலாச்சடியில் அவர்களுக்கு இல்லம் அமைத்தார். 1943 முதல் 1948 வரை கோலாப்பூருக்கு அண்மையில் வலிவாடேயில் ஏறக்குறைய ஐயாயிரம் போலந்து மக்கள் வாழ்ந்தனர். இவர்கள் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில் இமயமும் இல்லை, விந்தைப் பிராணியும் இல்லை. வழியில் இறந்த தம்பி இருக்கின்றான். தாயின் சால்வையை உணவுக்கு விற்ற நாள் இருக்கின்றது. இலட்சக்கணக்கில் விற்றது ராவிச்சின் நூல். வலிவாடேயின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே விமர்சகனுக்கு ஒரு பணி உண்டு. பொய்யான சாட்சியத்தைப் பிரித்தறியும் அளவுகோல் ஆவணக் காப்பகத்தில் மட்டும் இல்லை, பிரதியிலும் இருக்கின்றது. ராவிச்சின் நூலில் ஒவ்வொரு இடரும் அடுத்த அத்தியாயத்துக்கு வழிவிடுகின்றது. ஹேர்லிங்கின் பசியோ எங்கும் வழிவிடுவதில்லை. அது வளராது, முடியாது, நாளுக்கு நாள் அதே அளவில் நிற்கும். உண்மையான துன்பத்துக்குக் கதைப்பின்னல் இல்லை என்பதே நான் இந்நூல்களிற் கண்டது. ஓர் ஆட்சேபத்தை முன்கூட்டியே எதிர்பார்க்கின்றேன்: இந்த அளவுகோலை வைத்தால் திறமையான புனைவாளன் பசியின் சலிப்பையும் போலியாக எழுதிவிட முடியாதா? முடியும். ஆனால் அவன் அதனை எழுத விரும்பமாட்டான், விற்காது.

நமது விமர்சனம் இவற்றைக் குறித்துப் பெரிதும் மௌனமாகவே இருந்து வந்துள்ளது. 1954இல் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வழிவந்த விமர்சன மரபிலேயே நாம் பயின்றோம். கைலாசபதியும் சிவத்தம்பியும் இலக்கியத்தைச் சமூக நிலைமைகளோடு பொருத்திப் பார்க்கக் கற்பித்தனர். அக்கடன் பெரிது. இந்நூல்களை ஐயத்தோடு நோக்க அவர்கள் காலத்தில் நியாயமும் இருந்தது. பனிப்போரில் இவை ஆயுதமாயின. கலாசார சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்பின் பின்னால் அமெரிக்க உளவுத்துறையின் பணம் இருந்தது 1967இல் அம்பலமாயிற்று. ஆயினும் ஒரு நூலை யார் பயன்படுத்தினர் என்பதும் அது எப்படிப் பிறந்தது என்பதும் வேறு வேறு கேள்விகள். பிரான்சிலும் இதே தயக்கம் நிலவியது. அல்பேர் காம்யு பரிந்துரைத்தும் ஹேர்லிங்கின் நூல் பிரெஞ்சில் வெளிவர 1985 ஆயிற்று. இலங்கையில் இன்னொரு விசித்திரம். லங்கா சமசமாஜக் கட்சி 1939இன் இறுதியிலேயே மூன்றாம் அகிலத்தில் நம்பிக்கையின்மையை அறிவித்தது. அடுத்த ஆண்டிற் கட்சி பிளவுற்றது. மொஸ்கோ வழக்குகளைப் பற்றி இந்நாட்டு இடதுசாரிகளுக்கு அன்றே தெரியும். மேடையிலே காரசாரமாக விவாதிக்கப்பட்ட அவ்விடயம் தமிழ் இலக்கிய விமர்சனத்துக்குள் நுழையவேயில்லை.

இம்மௌனம் சைபீரியாவோடு நின்றிருந்தால் அதனை விட்டுவிடலாம். மருதானையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் வெலிக்கடைச் சிறையில் 1983 யூலை 25ஆம் திகதி 35 தமிழ்க் கைதிகளும், 27ஆம் திகதி 18 பேரும் கொல்லப்பட்டனர். தப்பியவருள் ஒருவரான காந்தீயம் இயக்கத்து எஸ். ஏ. டேவிட் தாம் கண்டதை எழுதினார். அதனைப் பின்னர் எடுத்தாண்டவர் பலர். ஒரு பிரதியாகப் படித்தவர் எத்தனை பேர்? சாட்சியத்தை ஆதாரமாக மட்டும் கொள்வோர் அதன் சொற்களைப் பார்ப்பதில்லை. சொற்களைப் பார்க்காதவன் ராவிச்சுக்கும் ஹேர்லிங்குக்கும் வேறுபாடு காணமாட்டான்.

எழுத வாய்ப்பே பெறாதோரும் உளர். சரோஜினி நாயுடுவின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயர், ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக நெடுங்காலம் உழைத்துப் பின் சோவியத் நாட்டிற் குடியேறி, லெனின்கிராட்டில் இனவியல் ஆய்வுப் பணியில் இருந்தார். 1920இல் தாஷ்கெண்டில் இந்தியக் கொமியூனிஸ்ட் கட்சியைத் தொடங்கிய சிலருள் ஒருவர் அபனி முகர்ஜி. அதே தாஷ்கெண்டில் அவரோடு இருந்த சென்னை எம். பி. டி. ஆச்சார்யா, பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகையோடு தொடர்புடையவர், 1922இலேயே பேர்லினுக்கு வெளியேறிவிட்டார். 1954இற் பம்பாயிற் காலமானார். போகாதவர்களுக்கு நினைவுநூல் இல்லை. நேரு 1936இல் வெளியிட்ட தம் சுயசரிதையில், ஐரோப்பாவிற் சந்தித்த இந்தியப் புரட்சியாளருள் அறிவாற்றலால் தம்மைக் கவர்ந்த மிகச் சிலருள் ஒருவராகச் சட்டோவைக் குறிப்பிடுகின்றார். அந்நூல் வெளிவந்த மறு ஆண்டு யூலையிற் சட்டோ கைது செய்யப்பட்டார். 1937 செப்டெம்பர் 2ஆம் திகதி சுடப்பட்டார். அபனி முகர்ஜி அதே ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி.