தட்டச்சு செய்யும்போது உறையும் டச்பேட்: பழுது எங்கே?

மடிக்கணினியில் நாலு வரி அடித்துவிட்டு, இடையில் ஓர் எழுத்தைத் திருத்த டச்பேடில் விரலை வைத்தால் அம்பு அசைவதில்லை. தேய்த்துப் பார்த்தாலும் அசைவதில்லை. சலித்துப்போய் விரலை எடுத்து மறுபடி வைத்தால், எதுவுமே நடக்காதது போல ஓடுகிறது. இந்தப் புகாருக்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனைகள் மூன்று: டிரைவரை அழித்துவிட்டு மீண்டும் நிறுவு, விண்டோஸைப் புதுப்பி, கடைக்குக் கொண்டுபோ. மூன்றுமே நாடி பார்க்காமல் எழுதிய மருந்துச்சீட்டு.

அந்த உறைவு பெரும்பாலும் பழுதே அல்ல. தெரிந்தே செய்துவைத்த ஏற்பாடு. விசைப்பலகையில் கை இருக்கும் நேரத்தில் டச்பேடுக்கு வாயடைப்பு போடுவதற்கென்றே ஒரு காவல் இருக்கிறது. அந்தக் காவல் தேவைதானா, தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா, அதை அணைப்பது எப்போது நியாயம் என்பவையே உருப்படியான கேள்விகள்.

காவல் ஏன் வந்தது என்பதற்குக் கணினியின் உடலமைப்பிலேயே விடை இருக்கிறது. 1991-இல் வந்த ஆப்பிள் பவர்புக், விசைப்பலகையைத் திரைப்பக்கமாகத் தள்ளி, முன்னால் மணிக்கட்டு வைக்க இடம் விட்டு, அதன் நடுவில் டிராக்பாலை வைத்தது. 1994-இல் பவர்புக் 500 வரிசை அந்த இடத்தில் தொடுபரப்பைப் பதித்தது. பிறகு எல்லோரும் அதே வழியில் போனார்கள். விளைவு, மின்தேக்கக் கொள்கையில் இயங்கும் ஓர் உணரி, தட்டச்சு செய்பவரின் கட்டைவிரல் அடிச்சதை உரசும் இடத்துக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. தோலில் எது விரல், எது உள்ளங்கை என்பதைத் தொடுகையின் பரப்பு, அழுத்தம், விளிம்புக்கு எவ்வளவு அருகில் என்பவற்றை வைத்து அது ஊகிக்க முடியும். உறுதியாகச் சொல்ல முடியாது. இப்போது டச்பேடுகள் ஆண்டுக்கு ஆண்டு அகலமாகிக்கொண்டே போகின்றன. விளம்பரத்தில் அது பெருமை, உள்ளங்கைக்கோ இன்னும் பெரிய இலக்கு. விசைகளுக்கு நடுவே சிவப்புக் குமிழை வைத்த ஐபிஎம் திங்க்பேட் 1992-லேயே வந்துவிட்டது. கையை எடுக்காமலே அம்பை நகர்த்தும் அந்த ஏற்பாட்டில் இந்தத் தொல்லைக்கே இடமில்லை. அதைப் பெரும்பாலோர் சீந்தவில்லை.

காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? உள்ளங்கையின் ஓர் உரசலை 'தட்டல்' என்று கணினி எடுத்துக்கொள்கிறது. தட்டல் என்றால் கிளிக். கர்சர் மூன்று வரி மேலே தாவுகிறது. திரையைப் பார்க்காமல் அடிப்பவரின் அடுத்த நாலு சொற்கள் அங்கே போய்ச் சொருகிக்கொள்கின்றன. உரசல் இழுவையாகி ஒரு பத்தி தேர்வாகிவிட்டால், அடுத்த எழுத்து அந்தப் பத்தி முழுவதையும் விழுங்கிவிடும். ஆகவே காவல் தேவைதான். என் குறை அது காவல் காக்கும் முறையில்.

உள்ளே பார்ப்பதற்கு லினக்ஸ்தான் வசதி, எல்லாம் திறந்து கிடப்பதால். ரெட் ஹாட்டைச் சேர்ந்த பீட்டர் ஹட்டரர் பராமரிக்கும் லிப்இன்புட் என்ற மென்பொருள் அடுக்கு இந்தக் காவலைக் கடிகாரத்தை வைத்தே நடத்துகிறது. ஒரு விசையைத் தட்டினால் 200 மில்லிவிநாடி, தொடர்ந்து தட்டினால் 500 மில்லிவிநாடி டச்பேட் மௌனம். ஷிப்ட், கன்ட்ரோல் போன்ற துணைவிசைகள் தட்டச்சாகக் கணக்கில் வருவதில்லை, நல்ல முடிவு. அரை விநாடி என்பது எரிச்சல்படும் நேரமே அல்லவே, பிறகு ஏன் டச்பேட் செத்துப்போனது போலத் தோன்றுகிறது?

இன்னொரு விதி இருக்கிறது. காவல் நேரத்துக்குள் தொடங்கிய தொடுகை, நேரம் முடிந்த பிறகும் அம்பை நகர்த்தாது. அதை உள்ளங்கை என்றே கணினி முடிவுகட்டிவிடுகிறது. தட்டச்சு முழுவதும் கையை டச்பேட் மேலேயே ஊன்றிவைத்திருப்பவருக்கு இது வரம். வேகமாக அடித்துவிட்டு அதே வேகத்தில் விரலைக் கீழே இறக்குபவருக்கோ, விரல் அந்த அரை விநாடி முடிவதற்குச் சற்று முன்னதாகப் பட்டுவிட்டால் போதும், எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. விரலை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். 'உறைகிறது' என்ற புகாரின் பெரும்பங்கு இந்த ஒரு விதியிலிருந்து பிறக்கிறது என்றே நினைக்கிறேன். விதியின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை; அது செயல்படுவதைப் பயனருக்குக் காட்டாமல் வைத்திருப்பதே குற்றம். திரையில் ஒரு சிறு அடையாளம்கூட இல்லை.

கணினி விளையாட்டு ஆடுபவர்களின் துயரத்துக்கும் இதே கடிகாரம்தான் காரணம். விசை அழுந்தியிருக்கும்வரை கடிகாரம் மறுபடி மறுபடி தொடங்குகிறது. டபிள்யூ விசையை அழுத்திப் பாத்திரத்தை நடக்கவிட்டுக்கொண்டே டச்பேடால் திரும்பிப் பார்க்க முடியாது. டச்பேடாலேயே ஆட வேண்டுமென்றால் இவர்களுக்குக் காவலை அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை, அதில் விவாதிக்கவும் ஒன்றுமில்லை.

பழைய ஏற்பாடு இதைவிட மேலா? லிப்இன்புட்டுக்கு முன் சின்டீமன் என்ற சிறு நிரல் இந்த வேலையைச் செய்தது. அதன் இயல்பான காத்திருப்பு 2 விநாடி. இன்று யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதில் ஒரு நுட்பம் இருந்தது: தட்டலையும் உருட்டலையும் மட்டும் நிறுத்திவிட்டு, அம்பின் நகர்வை விட்டுவைக்கச் சொல்லலாம். கெடுதல் செய்வது தட்டல், நகர்வு அல்ல என்பதை அதைச் செய்தவர்கள் பிரித்து அறிந்திருந்தார்கள். இன்றைய மேசைச் சூழல்களின் அமைப்புப் பக்கத்தில் தெரிவது வெறும் 'ஆன்', 'ஆஃப்'. காத்திருப்பு நேரம் நாலில் ஒன்றாகக் குறைந்தது, அந்தப் பகுத்தறிவு தொலைந்தது.

விண்டோஸ் வேறு விதத்தில் சறுக்குகிறது. 2013-இல் விண்டோஸ் 8.1-உடன் வந்த பிரிசிஷன் டச்பேட் முறையில் காவலுக்கு நான்கு படிகள் உண்டு. ஆன், ஆஃப் என்பதைவிட நல்ல வடிவம். ஆனால் அது செட்டிங்ஸில் 'டச்பேட் சென்சிடிவிட்டி' என்ற தலைப்பில் இருக்கிறது. அதைப் படிப்பவர் அம்பின் வேகம் பற்றியது என்றுதான் எண்ணுவார். விண்டோஸ் 10 புதிதாக வந்தபோது, தட்டச்சின்போது கர்சர் தவறி நகராமல் இருக்கக் கிளிக்கின் தாமதத்தை மாற்றலாம் என்று அதே இடத்தில் புரியும்படி சொல்லியிருந்தார்கள். இருந்த விளக்கத்தை எடுத்தது யாருக்கு லாபம்? 'மீடியம்' என்பதை 'ஹை' அல்லது 'மோஸ்ட் சென்சிடிவ்' ஆக்கினால் உறைவு தணியும். சினாப்டிக்ஸ், எலான் நிறுவனங்களின் தனி டிரைவர் உள்ள கணினிகளில் இது உள்ளங்கை கண்டறிதல் போன்ற பெயர்களில், அந்தந்த மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும்.

எல்லா உறைவும் காவலின் வேலை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரித்தறிவது எளிது. தட்டச்சை நிறுத்தி, விரலை முழுவதும் எடுத்து, ஒரு விநாடி கழித்து வையுங்கள். ஓடினால் காவல். லினக்ஸில் இன்னும் இரண்டு சோதனை உண்டு. உறைந்திருக்கும்போதே டச்பேடை அழுத்திப் பாருங்கள்; காவல் அம்பைத்தான் நிறுத்தும், அழுத்திய கிளிக்கைத் தடுக்காது. யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகி அதில் அடித்துப் பாருங்கள். உள்விசைப்பலகையின் தட்டச்சுக்குத்தான் உறைவு, வெளிவிசைப்பலகைக்கு இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

எவ்வளவு காத்திருந்தாலும் திரும்பாமல், தூங்கவைத்து எழுப்பினால் மட்டும் உயிர்பெறும் டச்பேடின் கதை வேறு. அது டிரைவர் அல்லது இணைப்புத் தடத்தின் கோளாறு. அங்கேதான் மறுநிறுவலுக்கு வேலை. எந்த விசையையும் தொடாமல் கை வைக்கும் பகுதியை அழுத்தினாலே செத்துப்போகிறது என்றால், உள்ளே பட்டைக் கம்பி தளர்ந்திருக்கலாம். டச்பேட் மேடுதட்டி, கிளிக் இறுகி, அழுந்தாமல் போனால் கீழே பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது அமைப்புகளை நோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. சார்ஜ் போடுவதை நிறுத்தி, கணினியை அணைத்து, பேட்டரியை மாற்ற வேண்டும். அதைக் குத்துவதோ அமுக்குவதோ ஆபத்து.

இனி மருந்துகளின் தரம். டிரைவர் மறுநிறுவல் பலித்ததாகப் பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் கூடவே நடக்கும் ரீஸ்டார்ட். காவல் இருக்கும் இடத்திலேயே இருக்கும், மறுநாள் புகாரும் திரும்பும். யுஎஸ்பி மவுஸ் உண்மையிலேயே தீர்க்கிறது, ஏனெனில் காவல் டச்பேடுக்கு மட்டும்தான். மேசை உள்ளவருக்கு அது போதும், பேருந்தில் மடியில் வைத்து அடிப்பவருக்கு உதவாது. காவலை மட்டும் அணைப்பது உறைவைப் போக்கிக் கர்சர் தாவலைத் திரும்ப அழைத்துவரும். எழுதுபவருக்கு நஷ்டக் கணக்கு.

நான் முதலிடம் கொடுப்பது இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு: காவலை அணை, அல்லது விண்டோஸில் மிகக் குறைந்த தடைக்குக் கொண்டுபோ, அதோடு 'டாப் டு கிளிக்' என்ற தட்டல் வசதியையும் எடுத்துவிடு. சின்டீமன் கண்ட நுட்பத்துக்கு இன்று கைக்கெட்டும் மிக நெருங்கிய வழி இதுவே. உள்ளங்கை உரசினால் அம்பு நகரும், அவ்வளவுதான். கர்சர் இருந்த இடத்தில் இருக்கும். இதற்கும் விலை உண்டு. கிளிக் செய்ய ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும்; மேல்விளிம்பில் கீல் வைத்த மலிவான டச்பேடுகள் மேற்பாதியில் அழுந்தவே அழுந்தாது, கட்டைவிரல் வலிக்கும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் உரசினால் பக்கம் உருள்வதும் நடக்கும். எழுத்து தொலைவதோடு ஒப்பிட்டால் இவை சில்லறைத் தொல்லைகள். தட்டல் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள் காவலை அப்படியே விட்டுவிட்டு, அடித்து முடித்ததும் அரை விநாடி பொறுத்து விரலை வைக்கப் பழகுவதுதான் மிச்சம்.

புது டச்பேடுக்குக் கடையில் விலை கேட்கும் முன், இந்த இரண்டு அமைப்புகளையும் மாற்றிவைத்து ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.