படைத்தவனின் கடன்

மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்ரைன்' நாவல் 1818இல் வெளிவந்தது. அறிவியலின் அகந்தைக்கு எதிரான எச்சரிக்கையாகவே அதனைப் பலரும் கொள்வர். ஆயின், அதன் அறவியல் மையம் வேறிடத்தில் உள்ளதெனலாம். விக்ரர் உயிரொன்றைப் படைத்தமையன்று, அது கண்விழித்த இரவிலேயே அதனைக் கைவிட்டு ஓடியமையே அவனது முதற் குற்றம். அதற்கொரு பெயர்தானும் அவன் இடவில்லை.

அப்படைப்பு பிறவியிலேயே கொடியதன்று. மறைந்திருந்து மொழி கற்கின்றது. வறிய குடும்பமொன்றுக்கு இரவில் விறகு சேர்த்து உதவுகின்றது. அதன் குரலுக்குக் கனிவுடன் செவிமடுப்பவர் பார்வையற்ற முதியவர் ஒருவரே. கண்ணுடையோர் அதனை அடித்துத் துரத்துகின்றனர். பின்னர் அது புரியும் கொலைகளை இத்தனிமை விளக்குகின்றதேயன்றி நியாயப்படுத்தவில்லை.

அது வேண்டிய துணையைப் படைத்தளிக்க விக்ரர் மறுக்கின்றான். தன் படைப்பின் நலனைப் பேணுதல் தன் கடனென மரணத் தறுவாயில் ஒப்புக்கொள்ளும் அவன், மனித குலத்துக்கான கடன் அதனினும் பெரிதென வாதிடுகின்றான். இவ்வாதம் முழுமையானதன்று. தொடக்கத்தில் இவ்விரு கடன்களும் முரண்பட்டிருக்கவில்லை. அவற்றை முரண்படச் செய்தது அவனது புறக்கணிப்பே. தானே விளைவித்த இக்கட்டினைத் தனக்குச் சான்றாகக் காட்டுபவன் குற்றத்தினின்றும் விடுபடுவதில்லை.